ஆடிக்கு முந்தின நாள் ஒரு ரூம்

கல்லுப்பள்ளத்துக்குக் காலேஜ் வந்த பிறகு, ரூம் தேடி வருகிறவர்கள் முதலில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் விசாரிப்பார்கள். கடைக்காரர் வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பால்காரம்மாவப் பாருங்க" என்பார்.

கமலவேணிக்கு அந்த ஊரில் எண்பது வீட்டுப் புழக்கடையும் அத்துப்படி. ஒரு படி பால் வாங்கிய வீடு திடீரென்று அரைப்படிக்கு இறங்கினால் அங்கே ஆள் குறைந்திருக்கிறது. ஆள் குறைந்தால் ஒரு ரூமாவது சும்மா கிடக்கும். கொல்லிமலை அடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் இந்த வழியில் அவள் குடிவைத்த மாணவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. கமிஷன் கேட்டதில்லை. குடிவந்தவர்கள் அவளிடமே பால் வாங்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

எண்பத்து மூன்றாம் வருசம், ஆனி கடைசி நாள். சாயங்காலப் பாலோடு அவள் கிளம்பும்போது வாசலில் ஒருவர் தகரப் பெட்டியோடு நின்றார். பக்கத்தில் தாவணி கட்டிய பெண்.

"ஏனுங்கம்மா, ரூமு பாத்துக் குடுக்கறது நீங்கதானுங்களா? எம் பேரு கருப்பண்ணனுங்க. ராசிபுரத்துக்கு அந்தப்பக்கம் ஊரு. இது எம் புள்ள சின்னாயி. காலேஜுல எடங் கெடச்சிருச்சு, இருக்கத்தான் எடமில்ல. காத்தால இருந்து அஞ்சு ஊடு ஏறி எறங்கியாச்சு. நாளைக்கு ஆடி பொறக்குது, ஆவணியில வாங்கன்னு எல்லாரும் ஒரே சொல்லாச் சொல்றாங்க."

"காலேஜு எப்பத் தொறக்குது?"

"திங்கக்கெழமைங்க. அன்னைக்குப் போய்ச் சேரலைன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிருமாமா. அடுத்த வருசம் பாத்துக்கலாம் சாமின்னு இவகிட்டச் சொல்லிட்டிருக்கறேன்."

அடுத்த வருசம் என்று ஒன்று வராது என்பது சின்னாயிக்குத் தெரிந்திருந்தது. அந்த முகத்தை ஒரு தரம் பார்த்த கமலவேணி பால் போசியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆடி நாளைக்குத்தானுங்கண்ணா? இன்னிக்கு ஆனிதானுங்க. பொழுது சாயறதுக்குள்ள பாலைக் காய்ச்சிப் போட்டா, புள்ள ஆனியிலயே குடிவந்துட்டா. நாளைக்கு எந்த மாசம் பொறந்தா நமக்கென்ன? வாங்க எம்பொறவால."

அவள் நேராகப் போனது மேலத்தெரு சௌந்திரத்தின் வீட்டுக்கு. ஓட்டு வீடு, பின்புறம் தனி வாசலோடு ஒரு ரூம். சௌந்திரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரூமா? எங்கூட்டுல ஏது ரூமு?"

"மாமாவும் பையனுகளும் போர் போடற ரிக்கு லாரியோட ஆந்திராப் பக்கம் போயி ரெண்டு மாசம் ஆச்சுங்களே அக்கா."

"உங்கிட்ட யாரு சொன்னா?"

"அரைப்படி பாலு சொல்லுச்சுங்க."

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பொம்பளப் புள்ள தனியா இருக்கறது சும்மாவா வேணி? நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு எம் மூஞ்சியிலதான் துப்பும்."

"நீங்களும்தான் தனியா இருக்கறீங்க. ராத்திரி பேச்சுத் தொணைக்கு ஆகுமுங்க."

சௌந்திரம் சின்னாயியிடம் திரும்பி, "ஏம்புள்ள, படிச்சு என்ன பண்ணப் போற?" என்றாள்.

"வாத்தியாருங்க. எங்கூருப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க. நானே போயிரலாம்னு."

சௌந்திரம் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "சரி, காய்ச்சுங்க. பாலு பொங்கி வழிஞ்சா இருக்கட்டும். பொங்கலைன்னா எம்மேல கோவிச்சுக்கக் கூடாது, ஆவணியில வரட்டும்" என்றாள்.

"பாலு பொங்காம என்னத்தப் பண்ணும்?" என்று கமலவேணி போசியைத் திறந்தாள்.

ரூமுக்குள் மூன்று செங்கல் கூட்டி, சௌந்திரம் கொடுத்த பாத்திரத்தை வைத்து, சின்னாயி தீ மூட்டினாள். பால் சூடேறியது. ஓரத்தில் குமிழி விட்டது. தளதளவென்று கொதித்தது. ஆனால் மேலே எழும்பவில்லை. கருப்பண்ணன் குனிந்து ஊதினார். "வெறகு ஈரமாட்ட இருக்குது" என்றார். இன்னும் இரண்டு சுள்ளி வைத்தார்கள். பால் அதே மட்டத்தில் நின்று கொதித்தது.

கமலவேணிக்கு மட்டும் காரணம் தெரியும். ஆனியில் புல் காய்ந்து கறவை குறைந்ததால், பத்து நாளாக அவள் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டிருந்தது. விறகு ஈரம், காற்று சரியில்லை என்று எதையாவது சொல்லி நழுவலாம். எண்பது வீட்டுப் பிழைப்பு அந்தப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

கருப்பண்ணன் எழுந்து பெட்டியைத் தூக்கினார். "போலாம் சாமி. தெய்வமே வேண்டாங்குது. அதுக்கு மேல நாம என்ன பண்ண?"

சின்னாயி எழுந்திருக்கவில்லை. புகையால் வந்ததென்று சொல்லிக்கொள்ளும்படி கண் கலங்கியிருந்தது.

"பெட்டிய வையுங்கண்ணா" என்றாள் கமலவேணி. குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "தெய்வம் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

வாசலுக்கு நேரே அடுத்த வீட்டுச் சுவர் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. சௌந்திரம் மெதுவாகக் கேட்டாள்: "எவ்வளவு?"

"பாதிக்குப் பாதிங்க."

"அடிப்பாவி! பதினோரு வருசமா, பச்சப் புள்ளைக்குக் குடுக்கற பாலுன்னு சூடத்த அணைக்காத கொறையாச் சத்தியம் பண்ணுனியே!"

"பச்சப் புள்ளைக்குக் கெட்டிப் பாலு சேராதுங்கக்கா."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சௌந்திரம் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தாள். மலை முகட்டைப் பொழுது தொட இன்னும் ஒரு பனை உயரம் இருந்தது.

"மாட்டப் புடிச்சுட்டு வா. எங் கண்ணு முன்னால கற."

கமலவேணி ஓடினாள். ஊரே பார்க்க, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலம் இன்னும் கறக்காத காரிப் பசுவைக் கன்றோடு இழுத்து வந்தாள். ரூம் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, கழுவிய பாத்திரத்தில் கறந்தாள். நுரை அடங்குவதற்குள் சின்னாயி அதை அடுப்பில் ஏற்றினாள். இந்த முறை யாரும் ஊத வேண்டியிருக்கவில்லை. பால் கழுத்துவரை எழும்பி, ஒரு கணம் நின்று, சரசரவென்று வழிந்து தீயில் விழுந்தது.

"கெழக்கால வழிஞ்சிருக்குது" என்றாள் சௌந்திரம். பிறகு சின்னாயியைப் பார்த்து, "பாலு காய்ச்சுன ஊட்டுல இன்னிக்கே படுக்கணும், தெரியுமில்ல? அப்பன வழியனுப்பறேன்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிராத. இங்கிருந்தே சொல்லியனுப்பு" என்றாள்.

கருப்பண்ணன் பெட்டியை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். சின்னாயி வாசற்படியிலேயே நின்றாள்.

தெருவில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. வாசல்தோறும் பெண்கள் செம்பும் கையுமாக நின்றார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு. கமலவேணி போசியில் மிச்சமிருந்த தண்ணீர்ப் பாலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பசுவின் கயிற்றைப் பிடித்தபடி, தலையைக் குனியாமல் முதல் வாசலுக்குப் போய் நின்றாள்.

"வையறத வைஞ்சு முடிச்சுட்டுச் செம்பக் கழுவிக் கொண்டாங்க அக்கா. இங்கயே கறக்கறேன்."