அது தானாக வந்ததல்ல

கண்ணாடிப் பட்டறையில் வெட்டு மேஜை அவனுடையது. அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; பட்டறைக்கு அவன் பட்டாசு. பேசிக்கொண்டே இருப்பான், கண் இரண்டும் இறுக மூடும், இடது தோள் வெட்டி இழுக்கும், "நாசமாப் போ!" என்று வாய் கத்தும். அடுத்த நொடி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வான்.

டூரெட் என்று டாக்டர் பேர் சொன்னார். அந்த நோய் உள்ள எல்லோருக்கும் திட்டு வராதாம், சிலருக்குத்தானாம். அந்தச் சிலரில் இவன் போய் மாட்டிக்கொண்டான், பாவம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களிடம் அவன் வாங்கிய அடிக்குக் கணக்கே கிடையாது.

பக்கத்துத் தொட்டியில் கண்ணாடி கழுவும் அக்காவுக்குப் பதினோரு வருஷமாக அவனைத் தெரியும். பெரிய கண்ணாடியை வெட்டுமுன் "கொட்டிட்டு வரேன்க்கா" என்று பின்வாசலுக்குப் போவான். நாலைந்து நாசம் காற்றில் போகும். திரும்பி வந்து கட்டரைப் பிடித்தால் தோள் அசையாது, கோடு இம்மி பிசகாது. அந்தக் கைக்காகவே முதலாளி அவனை வைத்திருந்தார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அவன் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். மூன்று வாரம் முன்பு வந்த சூப்பர்வைசருக்கும் அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்: "அவன் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க சார். வாய்தான் பேசும், மனசு இல்ல." நல்லதென்று நினைத்துத்தான் சொன்னாள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு என்ன தெரியும்?

அன்று காலை முழுக்க அவன் பன்னிரண்டு பெரிய ஜன்னல் கண்ணாடி வெட்டிச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இடம் அடைக்கிறதென்று சூப்பர்வைசர் அத்தனையையும் தரையில் படுக்கவைத்து அடுக்கியிருந்தார். அடியில் நாலு விரிசல் விட்டிருந்தது.

"யோவ்! படுக்கப் போடாதே, படுக்கப் போடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா! மண்டையில மூளைக்குப் பதிலா என்னய்யா வச்சிருக்கே, அறிவுகெட்ட முண்டமே!"

ஒருவரும் திரும்பவில்லை. கண்ணாடி விளிம்பை அரைக்கிற மெஷின் அரைத்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் சிரித்தபடி வந்து அவன் தோளைத் தட்டினார். "பரவாயில்லண்ணே. வேணும்னா சொல்றீங்க? விடுங்க."

அவன் முகம் செத்துப்போனதை அக்கா ஒருத்திதான் பார்த்தாள். கண் மூடவில்லை, தோள் இழுக்கவில்லை, பார்வை ஆள் மேலேயே இருந்தது. அந்த நாசமாப்போன இரண்டு வார்த்தை இதில் எங்கே வந்தது?

சாயங்காலம் முதலாளி வந்தார். "பாவம் சார், அவர் தோள் இழுத்ததுல இடிச்சுக் கீழ விழுந்து உடைஞ்சிருக்கும்," என்றார் சூப்பர்வைசர் இரக்கத்தோடு. "கட்டர் வேண்டாம், பேக்கிங்ல விடலாம்." தான் செய்த தப்பை ஆளின் நோய்மேல் தூக்கிப் போட்டுவிட்டு இரக்கம் வேறு! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழ விழுந்தா மூலை உடையும் முதலாளி," என்றாள் ஈரக்கையோடு. "பாருங்க, மூலை முழுசா இருக்கு. படுக்கப் போட்ட பாரத்துல நடுவயித்துல விரிசல் விட்டிருக்கு. இது தம்பி வேலை இல்ல. அதைப் பார்த்துத்தான் இவரைத் திட்டினான்."

சூப்பர்வைசர் விழித்தார். "அது அவருக்குத் தானா வர்றது இல்லையா?"

முதலாளி அவனிடம் திரும்பினார். "இங்க மேல இருக்கிறவங்களைத் திட்டினா ஒரு வாரம் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. தெரியும்ல? யோசிச்சுச் சொல்லு. தானா வந்ததா, திட்டினியா?"

தானாக வந்தது என்றால் சம்பளம் தப்பும். அப்புறம் அவன் கோபத்தை யார் கோபமென்று எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? பிழைக்கிற வழியைப் பாரேன்டா என்று அக்காவுக்கு ஒரு மனசு, சொல்லிவிடுடா என்று இன்னொரு மனசு.

"திட்டினேன் முதலாளி. தெரிஞ்சேதான்..." கண் இறுகியது, தோள் வெட்டியது. "நாசமாப் போ! ...திட்டினேன்."

"இது?" என்றார் முதலாளி.

"இது தானா வந்தது," என்றாள் அக்கா.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வாரம் வீட்ல இரு. வந்து உன் மேஜையிலேயே நில்லு." சூப்பர்வைசரைப் பார்த்து, "உடைஞ்ச நாலும் உங்க பேர்ல," என்றார்.

சூப்பர்வைசருக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று அவனிடம் வந்து, "முண்டமா நான்? இன்னொரு தரம் சொல்லிப் பாரு, மரியாதை கெட்டுடும்!" என்று கத்தினார். பட்டறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அவன் வாசலுக்கு நடந்தான். வழியனுப்ப வந்த அக்கா, "சம்பளம் போச்சேடா," என்று புலம்பினாள்.

"போகட்டும்க்கா," என்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது. "நான் சொன்னதுக்கு ஒரு மனுஷன் கோவப்பட்டான், பார்த்தியா?"