பந்துக் காசும் நம்பர் காசும்

கால்பந்தாட்டத்தில் பந்தயம் கட்டுவதைச் சட்டமாக்க வேண்டுமா, வேண்டாமா என்று யார் கேட்டாலும், உடனே ஆக்க வேண்டும் என்றுதான் சொல்லுவேன். பல வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். படித்தவர்கள் சொல்லும் காரணம் வேறு. கள்ளத்தனமாக நடப்பது வெளிச்சத்துக்கு வரும், அரசாங்கத்துக்கு வரி கிடைக்கும், அந்த வரியில் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம் என்பார்கள். நானும் அதையெல்லாம் சேர்த்துச் சொல்லுவேன். ஆனால் என் காரணம் அதுவல்ல. பந்துக் காசில் என் தங்கை கணவர் வாங்கிய வீட்டைப் பார்த்து என் வயிறு எரிந்தது. சட்டம் வந்தால் அந்த வீட்டில் இரண்டு அறையாவது வரிக்குப் போகும் என்று நினைத்தேன்.

நான் மலேசியாவில், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு நம்பர் கடையில் வேலை செய்கிறேன். நாலு எண் சொன்னால் மெஷினில் அடித்துச் சீட்டு கொடுப்பேன். குலுக்கலில் அந்த எண் விழுந்தால் பணம். வாசலில் விளக்குப் போட்ட போர்டு இருக்கிறது. என் தலைக்கு மேலே சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது. எனக்குச் சட்டையும் பெயர் வில்லையும் கொடுத்திருக்கிறார்கள். நான் விற்கும் ஒவ்வொரு சீட்டிலும் அரசாங்கத்துக்குப் பங்கு போகிறது. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இரண்டு பேர் சம்பளம் போட்டும் எங்கள் வீட்டு கேட்டைக் காலால் உதைத்தால்தான் திறக்கும்.

புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் என் தங்கை வீட்டு கேட் தானாகத் திறக்கும்.

அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில் பிறந்தோம். படிப்பு எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. நான் ஐந்தாம் பாரம் முடித்தேன். அவள் மூன்றாம் பாரத்தோடு நின்று ரவாங் பக்கம் பேக்டரி வேலைக்குப் போனாள். அப்போது அவளுக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை இருந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. அக்காள் மேலே, தங்கை கீழே. வரிசை சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் சுங்கை சோவில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் பார்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்களிடம் போனிலேயே பந்தயம் வாங்கி, தனக்கு மேலே இருக்கும் ஓர் ஆளுக்கு அனுப்பத் தொடங்கினார். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். பிறகு அந்த வேலையையே விட்டுவிட்டார். அந்த மனிதருக்குப் பந்தாட்டம் பிடிக்கவே பிடிக்காது. எந்த அணி எந்த நாடு என்றுகூடத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பந்து பைத்தியம் பிடித்த என் கணவர் டயர் மாற்றிக்கொண்டிருக்க, பந்தைத் தொடாதவர் புதுக் காரில் போனார்.

வருஷத்தில் இரண்டு மூன்று தடவை செகிஞ்சானுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கரையோரக் கடையில் பெரிய வட்ட மேசை, நண்டு, இறால், ஆவி பறக்க முழு மீன். காரில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று தங்கை போன் செய்வாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் பழைய காரிலேயே போவோம். பில் வரும்போது என் கணவர் பின்பாக்கெட்டில் கையை வைப்பார். "அட, விடுங்க சகல" என்று தங்கை கணவர் அதற்குள் கார்டைக் கொடுத்திருப்பார். அந்தக் கார்டு போகிற வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தின்ற நண்டு எனக்குள் உயிரோடு நடக்கும். தங்கை நல்ல சதையாகப் பார்த்து என் தட்டில் வைப்பாள். அதற்கும் கோபம் வரும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்?

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கோயிலில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மூன்றாம் நாள் உபயம் எங்கள் அப்பாவுடையது. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அந்த நாள் செலவை அவர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். மதியப் பூசை முடிந்ததும் உபயகாரர் கழுத்தில் மாலை விழும், தோளில் பொன்னாடை விழும். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு மூத்த மருமகன் என்று என் கணவருக்குத்தான் அந்த மாலை விழுந்தது. வருஷம் முழுக்க எண்ணெயும் மண்ணுமாக இருக்கிற மனிதர் அந்த ஒரு மதியம் வேட்டி கட்டி, மாலையோடு நிமிர்ந்து நிற்பார். நான் பெண்கள் பக்கம் நின்று பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு யார்மேலும் பொறாமை இருக்காது.

அன்னதானக் கூடத்துக்குத் தங்கை கணவர் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் மூன்றாம் நாள் மதியம் கோயில் தலைவர் மாலையை எடுத்துக்கொண்டு என் கணவரைத் தாண்டிப் போனார். முதல் மாலை தங்கை கணவருக்கு. என் கணவருக்கு இரண்டாவதாக ஒன்று, கொஞ்சம் சின்னது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் அன்னதானத்தில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கோயில் கூட்டத்தில் எழுந்து பேசினேன். சூதாட்டக் காசு அம்மன் கோயிலுக்கு வேண்டாம், போலீஸ் பிடித்தால் கோயிலுக்கும் கெட்ட பெயர் என்றேன். பந்துக்கு மோட்டார் சைக்கிளை அடகு வைத்தவனையும், பிள்ளை புத்தகக் காசைக் கட்டித் தோற்றவனையும் எடுத்துச் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் தலைவர் பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, நீ விக்கிறது என்னா, கத்தரிக்காயா? ஒன்னோடது லைசென்சு காசு, அவரோடது லைசென்சு இல்லாத காசு. அம்மனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் லா."

எல்லோரும் சிரித்தார்கள். பால்மாவு வாங்க வைத்திருந்த பத்து வெள்ளி நோட்டை என் கவுண்டரில் நீட்டுகிறவர்கள் உண்டு. நான் பார்க்காத மாதிரி அடித்துக் கொடுப்பேன். அவருக்கு அது தெரியும்.

அன்றிலிருந்துதான் நான் சட்டத்தின் பக்கம் சாய்ந்தேன். பந்துப் பந்தயத்தையும் எங்கள் கடை மாதிரி ஆக்கட்டும். தங்கை கணவர் சட்டை போட்டு, பெயர் வில்லை குத்தி, கண்ணாடிக்குப் பின்னால் எட்டு மணி நேரம் உட்காரட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை அதிகாரி வந்து குடையட்டும். வரி கட்டின மிச்சத்தில் கூரை போடட்டும், பார்க்கலாம். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், செகிஞ்சானில் தங்கை எதிரிலேயே சொன்னேன். "அக்கா பெரிய மந்திரி மாதிரி பேசுது" என்று அவள் சிரித்தாள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போலீஸ் தங்கை வீட்டுக்கு வந்தது. அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், போன்களை எடுத்துக்கொண்டார்கள், காரை இழுத்துப் போனார்கள். பதினொரு மணிக்கு என் கணவர் போன் செய்து சொன்னார். நான் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்குப் பல மாதமாக எடுத்ததில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை, குலுக்கல் நாள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டில் கார் மோதிக் கிடந்தால் அடிபட்டவனைத் தூக்கி உட்கார வைத்த கையோடு நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள். சாவு வீட்டுக்குப் போனால் கதவு எண்ணை மனதில் வாங்கிக்கொள்வார்கள். கெட்டது நடந்த இடத்து எண்ணுக்கு அதிர்ஷ்டம் கடன்பட்டிருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. போலீஸ் இழுத்துப் போகும் அந்தக் காரை எவனோ படம் எடுத்து வாட்சப்பில் போட்டிருந்தான். படத்தில் கார் சரியாகத் தெரியவில்லை. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது.

கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் கோயில் தலைவர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நம்ம மாப்புள கார் நம்பருதான். அஞ்சு வெள்ளிக்கு அடி. வந்துச்சுன்னா அவரு கேசுக்கே குடுத்துர்றேன்."

அவருக்குப் பின்னால் தோட்டமே நின்றது. அன்னதானக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்ட எல்லா முகமும். எரிகிற வீட்டில் பிடுங்கிய வரைக்கும் லாபம். நான் ஒவ்வொருவருக்கும் அந்த நாலு எண்ணை அடித்துக் கொடுத்தேன். விரல் பாட்டுக்கு அடித்தது. எல்லாம் லைசென்ஸோடு, வரியோடு, ஒழுங்காக நடந்தது. வேண்டாம் என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை. எங்கள் கடையில் நாங்கள் வாங்கக்கூடாது என்பது விதி. எதிர்ப்பக்கம் இன்னொரு நம்பர் கடை இருக்கிறது. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பத்து வெள்ளிக்கு அதே நம்பரை எடுத்தேன். அந்தக் காரில் எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் ஏறியதில்லை. அதன் நம்பராவது எனக்கு ஏதாவது கொடுக்கட்டும் என்றிருந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்று அந்த நம்பர் வரவில்லை. யாருக்கும் ஒரு வெள்ளி கிடைக்கவில்லை. பிடிபட்டும் பிரயோசனமில்லாத ஆள் என்று தோட்டத்தில் அவரைத்தான் திட்டினார்கள்.

இரண்டு மணிக்கு மேல் மெஷின் அந்த நம்பரை எடுக்க மறுத்தது. ஒரு நம்பரை இவ்வளவுதான் விற்கலாம் என்று அளவு இருக்கிறது, அது முடிந்துவிட்டது.

நாலு மணி இருக்கும், வரிசையில் என் தங்கை நின்றாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். முன்னால் வந்து கூப்பிடாமல், தன் முறை வரும்வரை நின்றாள். கண்ணாடிக்கு எதிரே வந்ததும் நாலு எண்ணையும் சொன்னாள்.

"முடிஞ்சிருச்சு" என்றேன்.

"என்னா முடிஞ்சிருச்சு?"

"அந்த நம்பரு. எல்லாரும் வாங்கிட்டாங்க. இனிமே மெஷின் எடுக்காது."

"எதிர்க்கடையிலயும் அதத்தான் சொன்னான். ஒங்கிட்ட வர வெக்கமா இருந்துச்சு, அதான் மொதல்ல அங்க போனேன். வக்கீலு காசு கேக்குறாரு. பேங்கு கணக்க அடைச்சிட்டாங்க." கையில் இருந்த நோட்டை மடித்தாள். "எங்க கார் நம்பரு எங்களுக்கே இல்லையாக்கா?"

காலுக்குப் பக்கத்தில் என் பை இருந்தது. சீட்டு அதற்குள் இருந்தது. எடுத்துத் தள்ள இரண்டு விநாடி போதும். நான் குனியவில்லை. வந்தால் எனக்கு வரட்டும், வாழ்க்கையில் ஒரு தடவை எனக்கு வரட்டும் என்றுதான் அப்போதும் தோன்றியது.

பின்னால் நின்றவரைப் பக்கத்துக் கவுண்டருக்குப் போகச் சொன்னேன். அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பேசினாள்.

"நீ எப்பவும் சொல்லுவல்ல, இத கவர்மெண்டு சட்டமாக்கணும்னு. நேத்தெல்லாம் அதையே நெனச்சிக்கிட்டிருந்தேன். ஆக்கியிருந்தா அவரும் ஒன்ன மாதிரி ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு, பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்திருப்பாரு. சம்பளம் கொறஞ்சா என்னா? நீ எங்க நல்லதுக்குத்தான் சொல்லிக்கிட்டே இருந்திருக்க. எனக்குத்தான் வெளங்காம சிரிச்சேன்."

நான் மெஷினில் காகிதச் சுருளைச் சரிசெய்தேன்.

"அக்கா, நீயும் எடுத்தியா?"

"இல்ல" என்றேன்.

"அது போதும்க்கா. ஊரே எடுத்திருக்கு. நீயாச்சும் எடுக்கல."

கண்ணாடிக்குக் கீழே சீட்டு தள்ளும் இடைவெளி வழியாகக் கையை விட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, வரிசையில் நிற்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறேன் என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அவள் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், காரைப் பார்த்து, கார்டைப் பார்த்து, அவள் புருஷன் கழுத்து மாலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் போய்விட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை அன்று நாலு மணிக்குத்தான் எனக்கு வந்தது. அவ்வளவும் போன பிறகும் என் தங்கையால் என்னை நல்லவள் என்று நம்ப முடிந்தது. அந்த மனசு எனக்கு இல்லை.