வண்டிக்கு இரண்டு பூட்டு

சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு வரும் உறவினர்களுக்கு அறை போட, காரைக்காலில் ஒரு லாட்ஜின் இணையதளத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்கப் பிழைச் செய்தி. அதன் நடுவில், வாடிக்கையாளர் விவரங்களைத் திறக்கும் பாஸ்வேர்டு பளிச்சென்று தெரிந்தது. கெட்ட எண்ணம் உள்ளவன், அங்கே தங்கிய அத்தனை பேரின் ஆதார் நகலையும் அள்ளிக்கொண்டு போகலாம். எனக்கும் இணையதளம் உருவாக்குவதே தொழில் என்பதால் மனசு கேட்கவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். தளத்தை உருவாக்கியவரை வரவழைத்தார்கள்.

இஸ்திரி கலையாத சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிய கறுப்புக் கண்ணாடி. பைக்குக்கு இரண்டு பூட்டு போட்டு, இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"பாஸ்வேர்டு வெளியில தெரியுதுங்க" என்றேன்.

"நான்தாங்க அப்படி வச்சிருக்கேன். தப்பு வந்தா ரிசப்ஷன்லேருந்து இந்தப் பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. வீட்லேருந்தே சரி பண்ணிடுவேன்."

"ஊரே பாக்குதேங்க!"

"பாத்தா என்னங்க? யாரு உக்காந்து படிக்கப் போறா?"

நான் விடவில்லை. சலித்துக்கொண்டே, "சரி, மாத்திடுறேன்" என்றார்.

மறுநாள் பார்த்தேன். மாற்றித்தான் இருந்தார். பாஸ்வேர்டு அதே இடத்தில் இருந்தது. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: 'இது ஊழியர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தயவுசெய்து படிக்க வேண்டாம்.'

பைக்கிலும் இப்படி ஒரு சீட்டு ஒட்டினால் போதுமே, அதற்கு மட்டும் எதற்கு இரண்டு பூட்டு என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.