பஸ்ஸில் பாதியில் மூழ்கியவர்

இதை உங்களுக்கு அனுப்ப, இன்டர்நெட் இணையும்போது மோடம் கத்தி முடிக்கும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை, நண்பர்களே!

வேதாகமம் முழுவதையும் கையால் எழுதப் போகிறேன் என்று சபையில் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன் இல்லையா? வீட்டில் நேரம் ஏது? நான் குடியிருக்கும் சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில்தான் தினமும் எழுதுகிறேன்.

பக்கத்தில் எப்போதும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, நெற்றி நிறையத் திருநீறு. சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

இன்று ஏறியதுமே கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தங்கச்சி, அந்தத் தண்ணியில நடந்த ஆள் தப்பிட்டாரோ? நேற்று அவர் தாழத் தொடங்கேக்க கொப்பியை மூடிட்டு இறங்கிட்டீங்கள். இரவு முழுக்க எனக்கு அதே யோசனை!"

"அக்கா, தினமும் படிக்கிறீங்களா?"

"ஓம். வடிவான எழுத்தெல்லே!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. குலுங்கும் பஸ்ஸில் கையெழுத்து கோணுகிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு மனிதர் மூழ்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

நோட்டைத் திறந்தேன். இயேசு கையை நீட்டி, மூழ்கிய அந்தச் சீடரைப் பிடித்த வரியை எழுதி முடித்ததும், "அப்பாடா!" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம். டிரைவர் திரும்பிப் பார்த்தார். என் ஸ்டாப் எப்போதோ போயிருந்தது!

அக்காவுக்கு ஒரு வேதாகமம் வாங்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் முழுக் கதையும் தெரிந்துவிட்டால் என் பக்கத்தில் உட்காருவாரா? நீங்களே சொல்லுங்கள்.