பதினாறு டைல்ஸ் அகலம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை நான் திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பினேன். அன்று காலைதான், ரமணாசிரமப் பகுதியில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே, காபிக் கடையில் அருணாதேவி அக்கா முதல் டைல்ஸைப் பதித்தார்.

அடி அண்ணாமலைக்காரர். பதினைந்து வருடம் சித்தாளாகக் கலவை சுமந்தவர். கொத்தனார்கள் சாப்பிடப் போன நேரங்களில் டைல்ஸ் ஒட்டிப் பழகிக்கொண்டவர். தனியாக அவரை நம்பிக் கொடுத்த முதல் தரை அது. கடைக்காரர் பலராமன், “டிசைன் சரியில்லன்னா பேத்துட்டு வேற ஆள வெப்பேன்” என்று முன்பே சொல்லியிருந்தார்.

டிசைன் தருவதாகச் சொன்ன நான் படம் எதுவும் வரையவில்லை. ஒரு விதி மட்டும் சொன்னேன்.

“வாசலோரம் முதல் வரிசை. அதுல நடுவாக்கில ஒரே ஒரு கறுப்பு. அப்புறம் ஒவ்வொரு டைல்ஸுக்கும் முந்தின வரிசையில இடப்பக்க மூலைல ஒட்டுறது, வலப்பக்க மூலைல ஒட்டுறது ரெண்டையும் பாருங்கக்கா. ஒண்ணு மட்டும் கறுப்புன்னா கறுப்பு. இல்லன்னா வெள்ளை.”

“படம் எங்க?”

“தானா வரும்.”

“தானா வர்றதுக்கு இது இன்னா வேப்பங்கன்னா?” என்றபடி கொத்துக்கரண்டியை எடுத்தார்.

சுவரோரம் ஒரு பக்கத்தில் டைல்ஸே இருக்காதே, அங்கே எதைப் பார்ப்பது? அதைச் சொல்ல மறந்தது பஸ் செங்கம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வெள்ளை என்று வைத்துக்கொள்வார் என விட்டுவிட்டேன்.

போன மாதம் திரும்பி வந்தேன். கடையின் பின்சுவரோர மாடிப்படியில் ஏறி நின்று தரையைப் பார்த்தேன். பதினாறு டைல்ஸ் அகலத்தில், எட்டு வரிசையில் ஒரு மலை. அதற்குள் அதே வடிவில் சிறு மலைகள், அவற்றுக்குள் இன்னும் சிறியவை. ஒன்பதாம் வரிசையிலிருந்து ஒரு கறுப்புகூட இல்லை.

“பாதியில வெறும் வெள்ளையாப் போவவும் பேக்கச் சொன்னேங்க” என்றார் பலராமன். “அந்தம்மாதான், ‘படியேறிப் பாத்துட்டு சொல்லுங்க, அப்பவும் வேணாம்னா நானே பேக்கிறேன்’னுச்சு. ஏறினேன். அதோட பேக்கிற பேச்ச விட்டுட்டேங்க.”

யாரும் அந்த மலையை வரையவில்லை. நான் நினைத்தபடி சுவரை வெள்ளையாக எடுத்திருந்தால், ஒன்பதாம் வரிசையின் கடைசி டைல்ஸ் கறுப்பாகியிருக்கும். அதிலிருந்து கோலம் மறுபடி கிளைத்திருக்கும். அந்த ஒரு டைல்ஸில் எல்லாம் நின்றிருக்கிறது. தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அந்த டைல்ஸ் கறுப்பாகத்தான் வந்தது.

பலராமனிடம் எண் வாங்கி, சுவரோரத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று அக்காவுக்கு அனுப்பினேன். இருபது நாள் கழித்து வேலூரிலிருந்து குரல்பதிவு வந்தது.

“எதிர்ச் சுவரோரம் இருக்கிற டைல்ஸப் பாத்தேன் பாப்பா. மலையைச் சுத்துனா கிளம்பின இடத்துக்கே வந்து சேர்றோமில்ல, அந்த மாதிரி. இங்க ஒரு ஹால் வேலை புடிச்சிருக்கேன். பதினேழு டைல்ஸ் அகலம். இன்னா வரும்னு நீ போட்டுப் பாத்து சொல்லிடாத.”