மஞ்சள் பூசிய விளக்கு

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்; நான் நாலாம் வகுப்போடு நின்றவன்.

போனக்காடு மலைத் தோட்டத்தில் பிக்கப் வண்டி ஓட்டினேன். முதல் பிள்ளையை ராத்திரி இருட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இழந்திருந்தோம். அதனால் அடுத்த பிரசவத்துக்கு முன்பே சாலைக் கடையில் அதிக வெளிச்சமுள்ள பல்புகள் வாங்கி வண்டியில் மாட்டினேன். மனைவிக்கு வலி கண்ட சாயங்காலம் மலையெங்கும் மூடுபனி. விளக்கைப் போட்டதும் வெளிச்சம் பனியில் பட்டு, வெள்ளைச் சுவர்போல் எதிரே நின்றது.

“ஊருக்கே வெளிச்சம்னியளே, ரோட்டக் காணலையே!” என்று வலியிலும் கேலி செய்தாள். பிள்ளை பிறந்தபின் குளிக்க வைத்திருந்த மஞ்சள்பொடியை எடுத்து நீட்டினாள். “இதக் குழைச்சு லைட்டுல பூசுங்க.”

பூசினேன். கண்கூச்சம் தணிந்து பாதையோரம் தெரிந்தது. மஞ்சள் புகைக்குள் மிதப்பதுபோல மெல்ல இறங்கினோம். மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். அந்த மஞ்சளை மழைதான் கழுவியது, நான் துடைக்கவில்லை.

1986, ஆடி 5.