ஏசாயாவை நறுக்கிய சீட்டுகள்

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் தட்டு வரும். அதில் ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்தச் சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். எடுத்த வசனம் அந்த வருடம் முழுவதும் நமக்கு. பக்கத்து வரிசைக்காரர் ஆசீர்வாத வசனம் எடுத்தால் கொஞ்சம் பொறாமைகூட வரும்.

போன வருடம் என் மகள் எடுத்தது ஏசாயா தீர்க்கதரிசியின் வசனம். பாடுபடுகிறவரின் காயங்களால் நமக்குச் சுகம் என்பது. அவளுக்குப் பதினேழு வயது. எட்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் கிடையாது. என் மனைவி அங்கேயே அழுதாள். நான் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை செம்பட்டியிலிருந்து ஊழியக்காரர் ஒருவர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். சீட்டைப் பார்த்தார். நாட்டுக்கோழிக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வாக்குத்தத்தத்தையும் வச்சுக்கிட்டு ஊசியும் போட்டா, அதுக்குப் பேரு விசுவாசமாய்யா? ஆண்டவரையே சந்தேகப்படுறீங்களே."

நான் வேதியியல் பட்டதாரி. தலையாட்டினேன். ஊசிப் பெட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்ததும் நான்தான். அவர் வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு பைக்கில் போனார்.

சனிக்கிழமை மகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். "அப்பா, ஒரு மாதிரி இருக்குப்பா" என்றாள். "செத்த நேரம் படு பாப்பா, ஜெபம் பண்றோம்" என்றேன். ஞாயிறு காலை வாந்தி. குனிந்து தூக்கியபோது அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. அசிட்டோன், இன்சுலின் கிடைக்காத உடம்பு உண்டாக்குவது. கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடம் முகர்ந்தது. அதற்கு அப்புறம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே டாக்டரம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எம்புட்டு நேரமா ஊசி போடல?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"படிச்சவருதானே நீங்க?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஐ.சி.யூ. வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஏசாயாவை முதலிலிருந்து வாசித்தேன். ஆண்டுக்கு ஒரு வரி எடுத்துப் பழகியவனுக்கு அது புதுப் புத்தகமாக இருந்தது. நகரம் இடிந்து, ஜனம் அந்நிய தேசத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, தங்களை நிமிர்த்த ஒருவர் வருவார் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறது. காத்திருந்தவர்கள் பெரும்பாலும் காணாமலே செத்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் துண்டு துண்டாக நறுக்கி, புறாப் படம் போட்டு, ஒருவனுக்கு விசா, ஒருத்திக்கு மாப்பிள்ளை என்று பங்கு வைக்கிறோம்.

அந்த ஒருவர் வந்துவிட்டார் என்பதுதான் கிறிஸ்தவனின் அறிக்கை. சரி, வந்தவர் எப்படி வந்தார்? மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார். அடிபட்டுச் செத்தார். நோயாளிகளைத் தேடிப் போனார். யாருடைய மருந்தையும் பிடுங்கிக்கொண்டு விசுவாசத்துக்குப் பரீட்சை வைத்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அவருக்காகக் காத்திருந்தவர்கள் படை நடத்தும் ராஜாவை எதிர்பார்த்து ஏமாந்தார்கள் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரசங்கத்தில் இளக்காரம் செய்கிறோம். நாங்கள் எதிர்பார்த்தது அதைவிட மட்டம்: மருந்துச் செலவில்லாத மேசியா.

அவள் பிழைத்தாள். ஊழியக்காரர் போன் செய்து, "பாத்தீங்களா, கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்றார். ஊசிப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் கோழைத்தனத்துக்கும் ஏதாவது வசனம் அகப்படும்.

இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் போனில் கேட்கிறேன், "ஊசி போட்டியா பாப்பா?"

முதலில் பொறுமையாகப் பதில் சொன்னாள். போன வாரம் சொன்னாள்: "போட்டுட்டேன்ப்பா. நீங்க தாராளமா ஜெபம் பண்ணுங்க. ஆனா லீவுக்கு வர்றப்ப மருந்து என் பையிலதான் இருக்கும். அதை நீங்க தொடாதீங்க."

"சரி" என்றேன்.